ஐந்து தோட்டாத் துப்பாக்கி: சோவியத் காட்டுப் போர்ப் படங்களும் தமிழ்த் திரையும்

(தென்னேரியில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ படத்தில் நடித்ததற்காகப் பிரகாஷ் ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஊர் உலகமெல்லாம் அவர் ஏற்ற நெசவாளர் வேங்கடத்தின் முகத்தைப் பார்த்து உருகியது. பட்டுத்தறியில் உட்கார்ந்து பழகியவர் பார்த்தால் அவர் கண் முதலில் போவது கைக்கு. நாடா ஓடுகிற வேகம் சரிதானா, கால் மிதியில் இருக்கிறதா, கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா போடப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்றெல்லாம் அவர் கண் தானாகவே சரிபார்த்துவிடும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறியைப் பற்றிப் படம் எடுப்பவர் இந்தக் கண்ணுக்குப் பயந்துதான் எடுக்க வேண்டும்.

சோவியத் போர்ப் படங்களில் துப்பாக்கிக்கு நேர்ந்ததும் இதுவே. 1970-களில் மாஸ்கோவிலும் மின்ஸ்க்கிலும் கொட்டகைக்கு வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் அந்தத் துப்பாக்கியை நான்கு வருடம் தோளில் சுமந்தவர்கள். படத்தை எடுத்தவர்களும் அப்படித்தான். ‘அதிகாலையின் அமைதியில்’ கதையை எழுதிய போரிஸ் வசீலியெவ் 17 வயதில் போருக்குப் போனவர். அதைப் படமாக்கிய ஸ்டானிஸ்லாவ் ரொஸ்டோட்ஸ்கி போரில் ஒரு காலை இழந்தவர். ‘கம் அண்ட் சீ’ படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்த அலெஸ் ஆதமோவிச், பள்ளி வயதிலேயே பெலாரஸ் காட்டில் கெரில்லாக்களோடு இருந்தவர். ‘தி அசென்ட்’ படத்துக்கு மூலமான குறுநாவலைத் தந்த வாசில் பைகோவ் போர்முனையில் காயம்பட்ட அதிகாரி. இவர்கள் முன்னால் ஒரு நடிகர் துப்பாக்கியைத் தவறாகப் பிடித்தால் தணிக்கை அதிகாரி தேவையில்லை, முன்வரிசையே சிரித்துவிடும்.

அதனால் இந்தப் படங்களில் வரும் ஆயுதங்களைப் பற்றிப் பேசுவது வெறும் சேகரிப்பாளர் ஆசை அல்ல. ஒரு துப்பாக்கி யார் கைக்கு எப்படி வந்தது, அதில் எத்தனை தோட்டா மிச்சம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் படங்கள் விடை வைத்திருக்கின்றன. தமிழ்த் திரையில் அந்தக் கேள்விகள் ஏன் அபூர்வமாகவே எழுகின்றன என்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. அதையும் பார்க்கலாம்.

முதலில் துப்பாக்கி

படத்துக்குப் படம் வருகிற அந்த நீளமான துப்பாக்கி மோசின். செர்கெய் மோசின் என்ற ரஷ்யப் படை அதிகாரி வடிவமைத்து, 1891-ல் ஜார் படையில் சேர்ந்தது. 1930-ல் சில திருத்தங்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் செஞ்சேனைக் காலாட்படையின் அடிப்படை ஆயுதம் இந்தத் திருத்திய மாதிரிதான். நீளம் 123 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய நான்கு கிலோ. முனையில் பயோனெட்டை மாட்டினால் நீளம் 166 சென்டிமீட்டராகிவிடும். நம் பக்கத்துச் சராசரிப் பெண்ணின் உயரத்தைவிட அது அதிகம். ரஷ்யர்கள் பயோனெட்டைக் கழற்றாமலே குறி சரிபார்த்தார்கள். அதனால் அதை மாட்டியபடியே நடப்பதுதான் அங்கே வழக்கம்.

மேகசினில் ஐந்து தோட்டா. ஒரு முறை சுட்டால் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. ஐந்து முடிந்தால் தகட்டில் கோத்த ஐந்து தோட்டாக்களை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி இறக்க வேண்டும். சேஃப்டி போட வேண்டுமென்றால் பின்னால் உள்ள குமிழைப் பிடித்திழுத்துத் திருக வேண்டும். அது அவ்வளவு விறைப்பு, பனியில் கையுறையோடு செய்கிற காரியமில்லை. நல்ல சோவியத் படத்தில் இந்த ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஒருவன் சுடுகிறான், போல்ட்டை இழுக்கிறான், அந்த இடைவெளியில் எதிரி பத்தடி நகர்ந்துவிடுகிறான். காட்சியின் பதைப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்து, வட்ட டப்பா மாட்டிய சப்-மெஷின் கன். கியோர்கி ஷ்பாகின் 1941-ல் கொடுத்த பி.பி.எஸ்.எச். அதன் டப்பாவில் 71 தோட்டா; நிமிடத்துக்குச் சுமார் 900 வீதம் சுடும். கணக்குப் போட்டால், விசையை விடாமல் அழுத்தினால் ஐந்து விநாடிக்குள் டப்பா காலி. திரையில் ஒருவர் அதைப் பத்து விநாடி நிறுத்தாமல் சுட்டால் அங்கே வேலை செய்வது எடிட்டர்தான். மோசினுக்கும் இதற்கும் குழல் துளையின் விட்டம் ஒன்றே, 7.62 மில்லிமீட்டர். அதனால் தொடக்கத்தில் மோசின் குழல்களை வெட்டியே இதற்குக் குழல் செய்தார்கள். போர்க்காலச் சிக்கனம் என்றால் அப்படி.

மூன்றாவது, தெக்தியாரெவ் இலகு இயந்திரத் துப்பாக்கி. தலையில் தட்டையான வட்டத் தட்டு, அதில் 47 தோட்டா. படைவீரர்கள் அதற்குக் கிராமபோன் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

தப்புகளும் உண்டு. பக்கவாட்டில் மடியும் பயோனெட் வைத்த கார்பைன் 1944-ல் வந்த மாதிரி. 1942-ல் நடக்கிற கதைகளில் அதைக் கையில் கொடுத்துவிட்ட படங்கள் பல. ராணுவக் கிடங்கில் எது இருந்ததோ அதை எடுத்துக் கொடுத்தார்கள். ஜெர்மானியர் எல்லோர் கையிலும் எம்.பி.40 சப்-மெஷின் கன் இருப்பது இன்னொரு பழக்கம். உண்மையில் பெரும்பாலான ஜெர்மன் சிப்பாய்கள் சுமந்தது போல்ட் இழுக்கும் மவுசர் கார்பைன். எம்.பி.40 ஏறக்குறைய பத்து லட்சம் செய்தார்கள் என்றால், அந்த மவுசர் ஒரு கோடிக்கு மேல். படத்தில் இந்த விகிதம் தலைகீழாகிவிட்டது.

மணலைத் தோண்டி எடுத்த ஆயுதம்

கெரில்லாக்களின் நிலை வேறு. செஞ்சேனை வீரனுக்கு அரசு துப்பாக்கி கொடுத்தது. காட்டுக்குள் போனவனுக்கு யார் கொடுப்பது? 1941 கோடையில் ஜெர்மன் படை பெலாரஸ் வழியாகப் பாய்ந்தபோது, பின்வாங்கிய செஞ்சேனை விட்டுப்போன ஆயுதங்கள் வயலிலும் காட்டிலும் பதுங்குகுழியிலும் கிடந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைப் பொறுக்கி மறைத்து வைத்தார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டால் மரணம்.

இரண்டாவது வழி எதிரியிடமிருந்து பிடுங்குவது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மவுசருக்கு 7.92 மில்லிமீட்டர் தோட்டா வேண்டும். மோசின் தோட்டா அதில் நுழையாது. எதிரியின் துப்பாக்கியை எடுத்தவன் அதன் பிறகு எதிரியின் தோட்டாவையும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வழி வானத்திலிருந்து. 1942 மே மாதம் கெரில்லா இயக்கத்துக்கு மாஸ்கோவில் மையத் தலைமையகம் அமைந்தபின் விமானத்தில் ஆயுதமும் வெடிமருந்தும் வர ஆரம்பித்தன. எதுவும் கிடைக்காதபோது காட்டுப் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள். அப்படிக் கையால் செய்த சப்-மெஷின் கன்கள் மின்ஸ்க் போர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

இந்த வறுமையைத் தொடக்கக் காட்சியிலேயே காட்டியவர் எலெம் கிளிமோவ். 1985-ல் வந்த ‘கம் அண்ட் சீ’ 1943-ம் ஆண்டு பெலாரஸில் நடக்கிறது. இரண்டு பையன்கள் மணலைத் தோண்டுகிறார்கள். தோண்டாதீர்கள் என்று ஊர்ப் பெரியவர் சத்தம் போடுகிறார். ஃபிளியோராவின் கைக்கு ஒரு துப்பாக்கி அகப்படுகிறது. அது டோகரெவ் எஸ்.வி.டி.-40, பத்துத் தோட்டா, போல்ட் இழுக்காமலே அடுத்தது ஏறும். அந்தக் காலத்துக்கு நவீனமான ஆயுதம், ஆனால் மணலும் அழுக்கும் அதற்கு ஆகாது. அதை இயக்குநர் மணலிலிருந்தே எடுக்க வைக்கிறார். கெரில்லாக்களோடு சேர அந்தப் பையனுக்கு அதுதான் நுழைவுச் சீட்டு. துப்பாக்கி இல்லாமல் வந்தால் சாப்பாட்டுக்கு ஒரு வாய் கூடுதல். துப்பாக்கியோடு வந்தால் வீரன்.

முகாமில் அவனுக்கு என்ன நடக்கிறது? படை கிளம்பும்போது அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் காலில் இருந்த நல்ல பூட்ஸை அனுபவசாலி ஒருவருக்குக் கொடுத்து, அவருடைய கிழிந்ததை இவனுக்கு மாற்றிவிடுகிறார் தளபதி. துப்பாக்கி, பூட்ஸ், ரொட்டி, உப்பு எல்லாம் ஒரே பட்டியலில் இருந்த போர் அது.

கடைசியில், ஒரு கிராமத்தையே பூட்டி எரித்ததைப் பார்த்துவிட்ட அந்தப் பையன், சேற்று நீரில் கிடக்கும் ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் சரித்திரம் பின்னோக்கி ஓடுகிறது. ஹிட்லர் தாயின் மடியில் குழந்தையாக இருக்கும் படம் வந்ததும் அவன் சுடவில்லை. பெலாரஸில் 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்ற தகவலோடு படம் முடிகிறது. ஒரு குண்டுகூட எதிரியின் மார்பைத் துளைக்காத அந்தச் சூடு, போர்ப் படங்களில் மறக்க முடியாதது.

கை எட்டாத விசை

கிளிமோவின் மனைவி லாரிசா ஷெபிட்கோ 1977-ல் எடுத்த ‘தி அசென்ட்’ அந்த வருடம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. இரண்டு கெரில்லாக்கள் சாப்பாடு தேடிப் பனியில் போகிறார்கள். ரீபக் திடகாத்திரமானவன், சோத்னிகவ் இருமல்காரன். படம் தொடங்கும்போது பசித்த கூட்டத்துக்குத் தானியத்தைக் கைப்பிடி அளவில் பங்கிடுகிறார்கள். அப்போதே தோட்டாக் கணக்கும் புரிந்துவிடும்.

காலில் குண்டு பட்டு விழுந்த சோத்னிகவ், உயிரோடு பிடிபடக்கூடாது என்று தீர்மானிக்கிறான். அடுத்து அவன் செய்வது தன் பூட்ஸைக் கழற்றுவது. ஏன்? மோசினின் குழலை முகத்துக்கு நேரே வைத்தால் விசைக்குக் கை எட்டாது. கால் கட்டைவிரலால்தான் அழுத்த முடியும். பனியில் படுத்துக்கொண்டு, காயம்பட்ட மனிதன், காலணியோடு மல்லுக்கட்டுகிற அந்த நேரத்தில் வசனம் கிடையாது. 123 சென்டிமீட்டர் என்ற எண் அங்கே கதையாகிவிடுகிறது. அதற்குள் ரீபக் திரும்பி வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறான். அந்தக் காப்பாற்றலிலிருந்துதான் இருவரும் பிடிபடுவதும், ஒருவன் துரோகியாவதும் தொடங்குகின்றன.

துப்பாக்கியைத் தெரிந்துகொள்ளாத இயக்குநர் இந்தக் காட்சியில் கையில் ஒரு ரிவால்வரைக் கொடுத்து அரை நிமிடத்தில் முடித்திருப்பார்.

பதினாறு பேருக்கு எதிரே ஐந்து பெண்கள்

தமிழ் வாசகருக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். வசீலியெவின் குறுநாவல் 1969-ல் ‘யூனொஸ்த்’ இதழில் வந்தது. பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் ‘அதிகாலையின் அமைதியில்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்து, சோவியத் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைத்த காலத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்தது. ரொஸ்டோட்ஸ்கியின் படம் 1972-ல் வெளியாகி, சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இதில் வருபவர்கள் கெரில்லாக்கள் அல்லர், படையைச் சேர்ந்தவர்களே. சண்டை நடக்கும் விதம் மட்டும் முழுக்கக் காட்டுச் சண்டை.

ரயில் பாதை ஓரத்து விமான எதிர்ப்புப் பிரிவில் பெண்கள் காவல் இருக்கிறார்கள். போரில் சுமார் 8 லட்சம் சோவியத் பெண்கள் படையில் இருந்தார்கள். விமான எதிர்ப்புப் பிரிவுகளில் அவர்கள் எண்ணிக்கை அதிகம். காட்டில் இரண்டு ஜெர்மானியரைப் பார்த்ததாக அவர்களில் ஒருத்தியான ரீத்தா சொல்ல, அங்கே பொறுப்பிலிருக்கும் வாஸ்கோவ் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு தேடிப் போகிறார். வந்திருப்பது பதினாறு பேர். அவர்கள் கையில் தானியங்கி ஆயுதம். இவர்கள் கையில் ரைஃபிள், வாஸ்கோவிடம் நாகான்ட் ரிவால்வர்.

இங்கே ஆயுதக் கணக்கு வாஸ்கோவின் தலையில் ஓடுகிறது. சப்-மெஷின் கன் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுவது. நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் அதன் குறி நம்பத்தக்கதல்ல. ரைஃபிள் அதைப்போலப் பல மடங்கு தூரம் போகும். ஆகவே எதிரியைத் தூரத்திலேயே நிறுத்தினால் பிழைக்கலாம், கிட்டே விட்டால் முடிந்தது. நிறுத்துவதற்கு அவர் கண்டுபிடித்த வழியில் ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. பெண்கள் மரம் வெட்டுகிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள்; மரவெட்டிகள் கூட்டம் இருப்பதாக எதிரி நம்ப வேண்டும். ஷேன்யா உடையைக் களைந்துவிட்டு ஜில்லென்ற ஆற்றில் இறங்கிப் பாடிக்கொண்டே குளிக்கிறாள். அக்கரையில் புதருக்குள் துப்பாக்கிகள் அவளைக் குறிபார்த்திருக்கின்றன. படத்திலேயே பெரிய சண்டை அதுதான்.

பிறகு ஐந்து பேரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். லீசாவைச் சதுப்பு நிலம் விழுங்குகிறது, சோன்யாவைக் கத்தி. குள்ளமான கால்யா பயத்தில் ஒளிவிடத்தை விட்டு ஓடிச் சூடுபடுகிறாள். நேருக்கு நேர் வந்த ஜெர்மானியனை ஷேன்யா துப்பாக்கியின் கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு, கொன்றதைத் தாங்காமல் நடுங்குகிறாள். காயம்பட்ட ரீத்தாவிடம் வாஸ்கோவ் ரிவால்வரை விட்டுவிட்டுப் போகிறார். அவள் அதைத் தனக்கே பயன்படுத்திக்கொள்கிறாள். மூல நாவலில் வாஸ்கோவ் மிச்சமிருந்த எதிரிகளைக் கைது செய்யப் போகும்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு தோட்டா, வெடிக்கவைக்கும் பொறி இல்லாத ஒரு கையெறிகுண்டு, அவ்வளவே. வாசகர் அந்த ஒரு தோட்டாவையும் எண்ணி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையின் எலும்புக்கூட்டை எடுத்துத்தான் எஸ்.பி. ஜனநாதன் 2009 தீபாவளிக்கு ‘பேராண்மை’ தந்தார். 2003-ல் ‘இயற்கை’க்குத் தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ அவருக்குக் கைகொடுத்தது. சோவியத், ரஷ்ய இலக்கியம் அவருக்குப் பழகிய வீடு. வாஸ்கோவ் இங்கே பழங்குடி இனத்து வனக்காவலர் துருவன் ஆகிறார். விமான எதிர்ப்புப் பெண்கள் என்.சி.சி. மாணவிகள் ஆகிறார்கள். ஜெர்மானியர் இடத்தில் ராக்கெட் ஏவுதலைக் கெடுக்க வந்த வெளிநாட்டுக் கூலிப்படை.

மாற்றம் சாமர்த்தியமானது. காரணம், தமிழ்நாட்டுக் கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டப்படி துப்பாக்கியைத் தொடக்கூடிய இடம் ஏறக்குறைய என்.சி.சி. ஒன்றுதான். முகாமில் படுத்துக்கொண்டு சுடும் .22 ரைஃபிள், எண்ணிக் கொடுக்கும் தோட்டா, சுட்டபின் காலிக்கூட்டைப் பொறுக்கி எண்ணி ஒப்படைப்பது, அத்தனையும் கேடட்டுகளுக்குத் தெரிந்தவை. ஜனநாதன் இன்னொன்றையும் சேர்த்தார். மூலத்தில் இல்லாத சாதி. துருவனை இழிவுபடுத்திய மேலதிகாரிதான் இறுதியில் விருது வாங்குகிறார். சோவியத் கதை எதிரியிடம் எத்தனை துப்பாக்கி என்று எண்ணியது. தமிழ்க் கதை, துப்பாக்கி பிடித்தவனுக்கு மரியாதை கிடைத்ததா என்று கேட்டது. ஆயுத வறுமையின் கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் கேள்வி நம் மண்ணுக்குரியது.

துப்பாக்கியை மறந்த நாடு

தமிழ்த் திரையில் தோட்டா ஏன் தீர்வதே இல்லை? சண்டைப் பயிற்சியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்க்கிறவர்களுக்குத் துப்பாக்கி தெரியாது என்பதே காரணம். அது தெரியாமல் போனதற்குத் தேதி உண்டு.

பாளையக்காரர் காலத்தில் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆயுதம் சாதாரணம். காளையார்கோவில் காட்டில் 1801-ல் மருது சகோதரர்கள் கம்பெனிப் படையோடு நடத்தியது அசல் கெரில்லாச் சண்டை. ஈட்டி, வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி எல்லாம் அதில் இருந்தன. சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை, பின்னர் அவர்களையே எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். அக்டோபரில் திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் வந்த பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியர் பொதுவாக உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது என்றாக்கியது. விடுதலைக்குப் பின் 1959-ல் புதுச் சட்டம் வந்தபோதும் உரிமம் தொடர்ந்தது. அதற்குள் நாலைந்து தலைமுறை துப்பாக்கி பிடிக்காமலே வளர்ந்துவிட்டது. போலீஸ்காரரின் த்ரீ நாட் த்ரீயைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

இது நல்லதுக்குத்தான். ஊரில் துப்பாக்கி இல்லாத நிம்மதியை அமெரிக்காவில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். சினிமாவுக்கு மட்டும் அதனால் ஒரு விளைவு: துப்பாக்கி பற்றிய தமிழரின் அறிவு சினிமாவிலிருந்தே சினிமாவுக்குப் போனது. கதாநாயகன் சுட்டால் பத்துப் பேர் விழ வேண்டும், வில்லன் நூறு முறை சுட்டாலும் நாயகன் தோளில் மட்டும் உரசிவிட்டுப் போக வேண்டும் என்பது இலக்கணமாயிற்று.

இந்த இலக்கணத்தில் ஒரே ஒரு நாள் நிஜம் குறுக்கிட்டது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் தொண்டையில் குண்டு பாய்ந்தது. திரையில் எத்தனையோ துப்பாக்கிகளைத் தட்டிப் பறித்த நாயகன், கழுத்துக் கட்டோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அதன்பின் அவர் குரல் பழையபடி திரும்பவில்லை. ஒரு தோட்டா ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தமிழ்நாடு முழுவதும் காதாலேயே கேட்டது, அதற்குப் பின் வந்த அவருடைய ஒவ்வொரு படத்திலும்.

துப்பாக்கி தெரிந்த தமிழரே இல்லை என்றும் நினைத்துவிடக்கூடாது. 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அருவங்காட்டில் 1903 முதல் கார்டைட் தொழிற்சாலை தோட்டாவுக்கான வெடிமருந்து தயாரிக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு படைவீரர். திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இன்று செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’, சோவியத் கலாஷ்னிகவ் சுடும் அதே 7.62-க்கு-39 தோட்டாவைச் சுடுவது.

எல்லாவற்றையும்விட, ரீத்தாவுக்கும் ஷேன்யாவுக்கும் ஈடான பெண்கள் நம்மிடமே இருந்தார்கள். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற ஆயுதங்கள் ஜப்பானியர் கைக்கும், அவர்கள் வழியே இந்திய தேசிய ராணுவத்துக்கும் போயின. பெலாரஸ் மணலில் கிடந்த ஆயுதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொற்பம். 1943 ஜூலையில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைத் திரட்டினார். அவசர அவசரமாகப் பழகிக்கொண்டு, சேலையோடு, கனமான .303 ரைஃபிள்களைத் தூக்கி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாலும் நான்கு கிலோ ரைஃபிள் தோளில் சரியாமல் நிற்பது லேசுப்பட்ட காரியமல்ல. அடுத்த சில மாதங்களில் அவர்கள் கால்சட்டைக்கு மாறினார்கள். அக்டோபரில் ஜான்சிராணிப் படையின் முகாம் திறந்தது; மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஜானகி தேவர் அதில் அதிகாரியாக உயர்ந்தார். 1944-ல் பர்மாவுக்குப் போன அந்தப் பெண்கள் இம்பால் முனைக்குப் போவதற்குள் போரின் திசை மாறிவிட்டது. நீண்ட பின்வாங்கலைத்தான் பார்த்தார்கள். இதைத் தமிழில் படமாக எடுக்க நினைப்பவர், சேலையும் .303-ம் சேர்ந்த அந்த முதல் அணிவகுப்பைச் சரியாக எடுத்தாலே பாதிப் படம் தேறிவிடும்.

நிஜத் தோட்டா வேண்டுமா?

அசல் போலத் தெரிய அசல் தோட்டாவையே சுட வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. கிளிமோவ் சுட்டார். ‘கம் அண்ட் சீ’ படப்பிடிப்பில் நிஜத் தோட்டாக்கள் பயன்பட்டன. இருட்டில் ஒளிக்கோடு போட்டுப் பாயும் குண்டுகள் வயலைக் கடக்கும் காட்சியில் ஒரு மாடு விழுகிறது. தலைக்குச் சில அங்குலம் மேலே குண்டுகள் போனதாக ஃபிளியோராவாக நடித்த அலெக்ஸெய் கிராவ்சென்கோ பின்னாளில் சொன்னார். அப்போது அவர் சிறுவன். படம் மகத்தானது என்பதற்காக இதை நியாயப்படுத்த முடியாது.

சாதாரணமாகப் படப்பிடிப்பில் சுடுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. அதுவும் கிட்டத்தில் ஆபத்து. 1993-ல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தது, குழலில் சிக்கியிருந்த குண்டு முனையை வெற்றுத் தோட்டா வெளியே தள்ளியதால். 2021 அக்டோபரில் நியூ மெக்ஸிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிரிழந்தது, ரிவால்வருக்குள் எப்படியோ வந்துவிட்ட நிஜத் தோட்டாவால். ஆயுதப் பொறுப்பாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த ஒளிப்பதிவாளர் உக்ரைனில் பிறந்து, சோவியத் ராணுவத் தளம் ஒன்றில் வளர்ந்தவர்.

இன்று டம்மி துப்பாக்கியும் கணினியில் சேர்க்கும் தீப்பொறியும் போதும். கணினி தராத ஒன்று எடை. நான்கு கிலோ இரும்பும் கட்டையும் நாள் முழுக்கத் தோளில் தொங்கினால் உடம்பு சாயும் விதமே வேறு. பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தூக்கி ஓடும் நடிகரின் மணிக்கட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எடை மட்டும் நிஜமாக இருக்கும் டம்மியைக் கொடுத்து ஒரு வாரம் நடக்க விடுவது, லட்சக்கணக்கில் கிராபிக்ஸ் செய்வதைவிடச் செலவு குறைந்த வழி.

பார்க்க விரும்புவோருக்கு: ‘தி அசென்ட்’, ‘கம் அண்ட் சீ’ இரண்டையும் மாஸ்ஃபிலிம் நிறுவனமே தன் யூடியூப் பக்கத்தில் இலவசமாக வெளியிட்டது. ‘அதிகாலையின் அமைதியில்’ இரண்டு பாகம், மூன்று மணி நேரம் பிடிக்கும். புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் பார்த்தால் பெண்களின் பெயர் குழம்பாது. ‘கம் அண்ட் சீ’யைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். ‘பேராண்மை’யைக் கடைசியில் வைத்துக்கொண்டால் ஜனநாதன் எதை எடுத்தார், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது துலக்கமாகத் தெரியும்.

இனி கேள்வி நேரம். அவையில் ராணுவத்திலோ காவல்துறையிலோ இருந்து ஓய்வுபெற்றவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும்; இந்த உரையில் திருத்த வேண்டியவற்றை அவர்கள் சொன்ன பிறகு மற்றவர்கள் கேட்கலாம்.